பழைய பேஸ் கிடாரும் பத்தாயிரம் சுற்றுக் கம்பியும்

பாட்டில் அது இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நிறுத்திவிட்டால்தான் காலடியில் தரை நழுவிய மாதிரி இருக்கும். பேஸ் கிடாரின் தலைவிதி இது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் குரலையும் வயலினையும் ஒதுக்கிவிட்டு, அடியில் ஓடும் பேஸை மட்டும் பிரித்துக் கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பை அடையாளம் சொல்வதும் இதே கூட்டம்தான். இவர்களில் சிலருக்குக் கேட்பதோடு ஆசை அடங்குவதில்லை. பழைய வாத்தியம் ஒன்று கைக்கு வர வேண்டும். வந்தபின் அதன் வயிற்றைத் திறந்து உள்ளே கை வைக்க வேண்டும். இந்த இரண்டாவது ஆசைதான் விவகாரம்.

விவகாரத்தின் அளவு புரிய ஒரு கணக்கு. 1960இல் ஃபெண்டர் கம்பெனி 'ஜாஸ் பேஸ்' என்ற மாடலை வெளியிட்டபோது அதன் விலை 279 டாலர் 50 சென்ட். அந்த முதல் ஓரிரு வருடத்து வாத்தியம் ஒன்று, அன்று அடித்த பெயின்ட்டுடன், அன்று வைத்த ஈயப் பற்றுடன் இன்று கிடைத்தால் பதினாயிரக்கணக்கான டாலர் பெறும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் விலை ஏறக்குறையப் பாதி என்பது வியாபாரிகளிடையே எழுதப்படாத சட்டம். ஒரு பிக்கப்பை மாற்றியிருந்தால், கட்டையில் புதிதாக ஒரு குழி தோண்டியிருந்தால் அதற்கும் தனித்தனிக் கழிவு. ஆக, அரை மணி நேரம், ஒரு சால்டரிங் கம்பி, கொஞ்சம் உற்சாகம் - ஒரு காரின் விலை ஆவியாகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வாத்தியம் கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்தது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வாத்தியக்காரர்களுக்காக 1951இல் அவர் செய்த பொருள்: ஒரு பலகை, அதில் நான்கு திருகாணியால் முடுக்கிய கழுத்து, நான்கு தந்தி, ஒரு காந்தம். வீணையைப் போல இதிலும் மெட்டுகள் இருந்ததால் சுருதி பிசகாது. அதனால்தான் 'பிரிசிஷன்' - துல்லியம் - என்று பெயர். ஒரே பலா மரத்தில் குடைந்தெடுக்கும் தஞ்சாவூர் ஏகாண்ட வீணைக்கு இது நேர் எதிர் சித்தாந்தம். கழுத்து வளைந்தால் வேறு கழுத்து. பிக்கப் செத்தால் வேறு பிக்கப். ரேடியோவில் வால்வு மாற்றுகிற மாதிரி.

1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்தவை எல்லாம் தெய்வாம்சம், பின்னால் வந்தவை எல்லாம் வெறும் மரம் என்று ஒரு மதமே உருவாகிவிட்டது. எழுபதுகளில் தயாரிப்புத் தரம் சரிந்தது உண்மை. எடை கூடியது, பெயின்ட் தடித்தது, சில கழுத்துகள் சரியாகப் பொருந்தாமல் ஆடின. ஆனால் 1964 டிசம்பரில் கட்டை செதுக்கிய அதே ஆசாமிதான் 1965 பிப்ரவரியிலும் செதுக்கினார். இதைப் பக்தர்களிடம் சொல்லிப் பயனில்லை.

பிக்கப்புக்கு வருவோம். எல்லாச் சண்டையும் அதைச் சுற்றித்தான். விஷயம் மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததேதான்: காந்தப்புலம் மாறினால் பக்கத்துக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். தந்திக்குக் கீழே சிறு காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றி, தலைமயிரைவிடச் சற்று மெல்லிய தாமிரக் கம்பி - கிட்டத்தட்டப் பத்தாயிரம் சுற்று. காந்தம் இரும்புத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிர, புலம் அசைய, சுருளில் ஒரு சிறு மின்சாரம் தோன்றி ஆம்ப்ளிஃபயருக்கு ஓடுகிறது. மைக் கிடையாது; மரத்தின் சத்தத்தை அது நேராகக் கேட்பதே இல்லை. ஐம்பதுகளின் பெண்கள் மெஷினில் கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றினார்கள். சிலது இறுகல், சிலது தளர்வு, சிலதில் சில நூறு சுற்று கூடக்குறைய. 'பழைய பிக்கப்பின் மாயம்' என்று இன்று விலை பேசப்படுவதில் பெரும்பங்கு இந்த ஒழுங்கின்மைதான். அதனால் பழையது எல்லாம் நன்றாக ஒலிக்கும் என்றும் இல்லை. சோனியானவையும் ஏராளம்.

இந்தச் சுருளுக்கு ஒரு பெருங்குறை. தந்தியின் அசைவை மட்டும் அல்ல, சுவருக்குள் ஓடும் மின்சாரத்தையும் அது கேட்கும். அதுதான் அந்த 'ம்ம்ம்' இரைச்சல். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது எந்தச் சுரத்திலும் சேராமல் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவே திரிசங்குவாக நிற்கும். நம்முடையது 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது மெட்டு 49 ஹெர்ட்ஸ் - ஜி. அதாவது இந்தியாவில் பிக்கப் இரைந்தால் ஏறக்குறைய ஐந்து கட்டையில், ஓர் இழை தூக்கலாக இரையும். ஐந்து கட்டைப் பாடகிகளுக்கு இலவசத் தம்புரா, மற்றவர்களுக்குத் தலைவலி.

1957இல் ஃபெண்டர் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார். சுருளை இரண்டாக வெட்டி, இரண்டு தந்திக்கு ஒன்று என்று முன்னும் பின்னுமாக வைத்தார். ஒன்றில் காந்தம் தலைகீழ், கம்பி ஓடும் திசையும் தலைகீழ். தந்தியின் ஒலி அப்படியே வரும். இரண்டு சுருளிலும் புகும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டுவிடும். இன்று வரை பிரிசிஷன் பேஸில் இதே அமைப்புதான். ஜாஸ் பேஸில் இரண்டு முழு பிக்கப்; இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் மறுபடி 'ம்ம்ம்'. ஜாக்கோ பஸ்டோரியஸின் அந்த உறுமல், பாலத்துக்குப் பக்கத்து பிக்கப்பைத் தூக்கி நிறுத்தி வாசித்ததில் வந்தது. இரைச்சலைச் சகித்துக்கொண்டார்.

ஜாக்கோ என்றதும் அசல் பக்தர்கள் ஒரு சங்கடத்துக்கு ஆளாவார்கள். அவருடைய 1962ஆம் வருட ஜாஸ் பேஸ் இன்று உலகில் மிகப் பிரபலமான பேஸ்களில் ஒன்று. அதில் அசலாக மிஞ்சியது என்ன? மெட்டுகள் பிடுங்கப்பட்டிருந்தன - வெண்ணெய்க் கத்தியால் தானே பிடுங்கியதாக அவர் சொல்லிவந்தார். பள்ளங்களை நிரப்பி, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸி பூசினார். முன் தகட்டைக் கழற்றி எறிந்தார். பிறகு ஒருமுறை அது துண்டுதுண்டாக உடைந்து ஒட்டப்பட்டது. 1986இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் திருடு போயிற்று. மறு வருடம் அவரே இறந்தார். இருபது வருடம் கழித்து வெளிப்பட்ட வாத்தியத்தை மீட்க மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ உதவினார். வியாபாரியின் பட்டியல்படி பார்த்தால் அது 'கெடுக்கப்பட்ட' சரக்கு.

டெட்ராய்ட்டில் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் நேர் எதிர். அவருடையதும் 1962, பிரிசிஷன். எதையும் மாற்றவில்லை. தந்தியைக்கூட மாற்றமாட்டார், அறுந்தால்தான். பாலத்து மூடிக்கு அடியில் கம்பெனியே வைத்த ஸ்பாஞ்ச் துண்டு தந்தியை அமுக்க, வழவழப்பான பழந்தந்தி, ஒரே விரல் - அவ்வளவுதான் அந்த ஒலியின் ரகசியம். 1983இல் அவர் சாவதற்குச் சற்று முன் அதுவும் திருடு போனது. இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர். வயலின் வடிவம், 1961இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கியது. 1964இல் அதற்கு முழு மராமத்து நடந்தது: புது பெயின்ட், பிக்கப் இரண்டையும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடினார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்டது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளிவந்தது. இப்படிப்பட்ட சமயங்களில் வாத்தியத்தை அடையாளம் காட்டுவது அதன் தழும்புகள்தான்.

சரி, பிரபலங்களின் கதை இருக்கட்டும். கோல்கத்தாவில் இருக்கும் ஒரு நண்பரின் விஷயம் இது. அவருடைய அப்பா பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் பாண்டு வாசித்தவர். தாராளமயத்துக்கு முந்திய அந்த நாட்களில் வெளிநாட்டு வாத்தியம் என்பது கப்பல்காரர்களோ, ஊர் திரும்பும் உறவினர்களோ கொண்டுவந்தால்தான். மற்றவர்களுக்குக் கிவ்சனும் ஹாப்னரும். (கிப்சனில் ஓர் எழுத்து மாறினால் கிவ்சன். ஹாஃப்னருக்கும் நம்மூர் ஹாப்னருக்கும் இடையே தமிழில் ஓர் ஆய்த எழுத்துதான்.) அப்பா எப்படியோ அறுபதுகளின் பிரிசிஷன் ஒன்று சம்பாதித்துவிட்டார். அவர் போனபின் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பேரன் இப்போது எடுத்துச் செருகிப் பார்த்திருக்கிறான். அடுத்த தெரு ரேடியோ மாதிரி மெலிந்த குரல்.

கடைக்காரர் ஒருவர் உடனே தீர்ப்பு எழுதினார்: பிக்கப் காலி, தூக்கிப் போடு, பாலத்துப் பக்கம் புதிதாக ஒரு குழி தோண்டி இரண்டு நவீன பிக்கப் வைத்துவிடலாம். பழையதை 'சும்மா' எடுத்துக்கொள்கிறேன் என்றும் பெரிய மனது பண்ணினார். அந்தச் 'சும்மா'தான் நண்பருக்கு உறைத்தது. அறுபதுகளின் ஃபெண்டர் பிக்கப், செத்த பிணமாக இருந்தாலும் விலை போகும்.

நான் சொன்னது ஒன்றுதான்: ஒரு மல்டிமீட்டர் எடு. இரண்டு சுருளும் அடுத்தடுத்துத் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தால் மொத்தக் குரலும் மெலிந்துவிடும். நல்ல நிலையில் இரண்டும் சேர்ந்து பத்துப் பதினோரு கிலோ ஓம் காட்ட வேண்டும். தனித்தனியே அளந்ததில் ஒன்று ஐந்தரை, மற்றது முடிவிலி. காரணமும் தெரிந்ததே. ஃபெண்டர் செலவைக் குறைக்க நினைத்து, காந்தக் குச்சிகளின் மேல் ஒரு பூச்சு வார்னிஷ் மட்டும் கொடுத்து நேராகக் கம்பியைச் சுற்றினார். வியர்வையும் ஈரக் காற்றும் உள்ளே போய்க் காந்தம் துருப்பிடிக்க, ஒட்டியிருக்கும் முதல் சுற்றுகளில் கம்பி அரித்து அறும். கோல்கத்தா, மும்பை, சென்னைக் காற்று இந்த வேலையைச் சிரத்தையாகச் செய்யும்.

மறுபடி சுற்றலாம். ஃபேன் காயில் கட்டும் கடையில் அல்ல. அங்கே புழங்கும் கம்பி இதைவிடப் பல மடங்கு தடிமன். 42ஆம் எண் கம்பி அவர்கள் கையில் மூச்சுவிட்டாலே அறும். தையல் மெஷின் மோட்டாரில் எண்ணிக்கைக் கருவி பொருத்தி வைத்திருந்த ஒரு ரேடியோ காலத்துப் பெரியவரைப் பிடித்தார்கள். செத்த பாதியை மட்டும் கொடுத்தார்கள். காந்தமும் அட்டையும் பழையவை. காந்தத்தைச் சுற்றி முதலில் மெல்லிய டேப் ஒரு சுற்று, பிறகு புதுக் கம்பி. உயிரோடு இருந்த மறு பாதியைத் தொடக்கூடவில்லை. முதலில் மாட்டியபோது இரைச்சல் அடங்கவில்லை - கம்பியின் திசை மாறிவிட்டது. அந்தச் சுருளின் இரண்டு முனைகளை இடம் மாற்றிப் பற்றவைத்ததும் சரியாயிற்று. செலவு, ஒரு செட் நல்ல தந்தியின் விலையைவிடக் கொஞ்சம் அதிகம்.

சந்தை மதிப்பில் இதற்கும் கழிவு உண்டு. ஆனால் விற்கப்போகிறவனுக்குத்தான் அந்தக் கவலை. மாற்றலாமா கூடாதா என்ற வழக்கில் என் கட்சி எளியது: திருப்பிப் போடக்கூடியது எதையும் செய்யலாம், மரத்தை மட்டும் வெட்டாதே. பிக்கப், வால்யூம் கன்ட்ரோல், பாலம் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. கழற்றியதைத் திருகாணி உட்பட ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி, வாத்தியத்தின் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். நியூயார்க்கின் ரோஜர் சடோவ்ஸ்கி, மார்கஸ் மில்லருடைய 1977 ஜாஸ் பேஸுக்குள் பேட்டரியில் ஓடும் பிரீ-ஆம்ப் வைத்தபோது அது பழம்பொருள் அல்ல, யாரும் அலறவில்லை. இன்று செய்தால் அலறுவார்கள்.

வாங்குகிறவர்கள் மயங்கிவிடாமல் இருக்கச் சில சமாசாரங்கள். முதலில் கழுத்து. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கிக் குறி பார்ப்பதுபோல் மேலிருந்து பார்க்கவும். வில்லாக வளைந்திருந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை முடுக்கிச் சரி செய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும். பிறகு உள்ளே. வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் எண் பொறித்திருக்கும். 137 6612 என்றிருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 1966ஆம் வருடம், 12ஆவது வாரம். வாத்தியம் அதற்கு முன் செய்ததல்ல என்பது மட்டுமே இதிலிருந்து உறுதி. பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். கழுத்தைக் கழற்றினால் அடிக்கட்டையில் தேதி முத்திரை இருக்கலாம். இரண்டும் பத்து வருடம் தள்ளி நின்றால், இரண்டு வாத்தியங்களைக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஈயப் பற்று மங்கலாக இருக்க வேண்டும். பளபளவென்றிருந்தால் யாரோ சமீபத்தில் நுழைந்திருக்கிறார்கள். தலைப்பாகத்தில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரை நம்பவே கூடாது. அந்த ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது.

பழைய கெபாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அதே அளவுள்ள புதியது பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். காது வித்தியாசம் காணாது. ஒலி மாற வேண்டும் என்பவர்கள் முதலில் தந்தியை மாற்றட்டும். 1966இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸ்டில், ரோட்டோசவுண்ட் கம்பெனியுடன் சேர்ந்து சுற்று முனைப்பான தந்தியை உருவாக்கியபோது பேஸின் குரலே பியானோ மாதிரி ஆனது. எந்த பிக்கப்பும் செய்யாத மாற்றம். அடுத்து, பிக்கப்பின் உயரம். இரண்டு திருகாணி, ஒரு மில்லிமீட்டர் - இலவசம். மெத்தை கிழிசலிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சைப் பாலத்தருகே செருகினால் ஜேமர்சன் பாதி வந்துவிடுவார். மீதிப் பாதிக்கு அந்த விரல் வேண்டும்.

குறைந்த பணத்தில் நிஜமான பழசு வேண்டுமென்றால், எழுபது எண்பதுகளில் யாரோ குழி தோண்டிக் கூடுதல் பிக்கப் வைத்த வாத்தியத்தைத் தேடவும். சேகரிப்பவர்கள் அதைத் தீண்டமாட்டார்கள். விலை சரிந்து கிடக்கும். வேறொருவர் செய்த பாவம், நமக்கு லாபம். மரம் அதே மரம்தான். 1982 முதல் ஜப்பானில் தயாரான ஃபெண்டர்களும் நல்ல தேர்வு. ஐம்பது, அறுபதுகளின் மாடல்களை அமெரிக்கர்களே வெட்கப்படும் அளவு சிரத்தையாகப் பிரதியெடுத்தார்கள். அவற்றுக்கும் இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், விரல் பலகையின் மரம். அறுபதுகளின் நடுப்பகுதி வரை அது பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது சர்வதேச வாணிபத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் வாத்தியம் பறிமுதலாகலாம். பின்னால் வந்தவற்றில் பெரும்பாலும் இந்திய ஈட்டி மரம். 2017இல் அந்த இனம் முழுவதும் பட்டியலில் ஏறி, வாத்தியக்காரர்கள் ஏறக்குறைய மூன்று வருடம் தவித்தார்கள். 2019இல் முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் மரத்துக்குக் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்து கலிஃபோர்னியா போன கட்டை, சுங்கவரி கட்டித் திரும்பி வருவதில் ஒரு விதித்தன்மை இருக்கிறது.

கடைசியாக, விலையோடு சம்பந்தமில்லாத ஒன்று. பெரும்பாலான பேஸ்களில் பாலத்தின் அடியில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். தந்திகளை ஆம்ப்ளிஃபயரின் எர்த்துடன் இணைப்பது அது. கை தந்தியில் பட்டதும் இரைச்சல் குறைவது அதனால்தான். நம் கல்யாண மண்டபங்களில் எர்த் என்பது பல சமயம் மூன்றாவது ஓட்டை மட்டுமே. பின்னால் ஒன்றும் இருக்காது. ஆம்ப்ளிஃபயரில் ஒழுகும் மின்சாரம் தந்தி வரை வந்து காத்திருக்கும். உதடு மைக்கில் பட்டால் சுற்று முழுமை. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீயில், எர்த் இல்லாத மைக்கை ஈரக்கையால் தொட்ட லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே இறந்தார். பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்ளிஃபயரை, இரண்டு முள் ப்ளக்குடன், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். மூன்று முள் வயர் போட்டு எர்த்தை உடம்பில் பற்றவைப்பதை எந்தச் சேகரிப்பாளர் ஆட்சேபித்தாலும் செய்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் ஈ.எம்.ஜி. மாதிரி பிக்கப்களில் பாலத்துக் கம்பியே தேவையில்லை. ஊர் ஊராக மேடை ஏறுகிறவர்கள் பழைய பிக்கப்பைக் கழற்றி டப்பாவில் வைப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் நல்ல காரணம் அது. மற்றவர்கள் வாசிக்கத் தொடங்குமுன் ஒரு டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பார்த்தால் போதும். விளக்கு எரிந்தால் மண்டபத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கச்சேரி கொஞ்சம் தாமதமாகத் தொடங்கட்டும்.